மாமியார் ஆணி

அத்தியாயம் 9

அண்ணன் விழுந்து அன்றோடு எழுபத்தெட்டு நாள்.

மாட்டுத் தீவன ஆலையில் ஒரே நடையில் இரண்டு மூட்டை தூக்கிக்கொண்டு படியேறுகிற ஆள். 'இரட்டை மூட்டை' என்று சொன்னால்தான் அங்கே அவனைத் தெரியும். இப்போது வலது பக்கம் மொத்தமும் விழுந்துபோய், முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் சுவரில் நகர்கிற வெயிலோடு நகரும்.

"கீழ விழுந்த மூணே நிமிஷத்துல தூக்கிட்டாங்க. அதனாலதான் உயிராவது மிஞ்சிச்சு."

பார்க்க வந்த எல்லோரிடமும் அண்ணி இதைத்தான் சொன்னாள். சொல்லிச் சொல்லி, அந்த மூன்று நிமிஷம்தான் அவளுக்குப் பிடிமானம் என்று ஆகிவிட்டது.

அது மூன்று நிமிஷம் இல்லை என்று அந்த வீட்டில் ஒருத்தனுக்குத் தெரியும். அவன் சின்னவன். அண்ணனுக்குத் தம்பி, அதே ஆலையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற தளத்தில் வேலை, குடியிருப்பது மாடி அறை. எழுபத்தெட்டு நாளாக அவனுக்குச் சோறு சோறாக இல்லை, தூக்கம் தூக்கமாக இல்லை. அழுகையும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அழுதபோதுகூடச் சுவரில் ஒட்டியிருந்த பல் டாக்டர் விளம்பரத்தை மூன்று தடவை படித்துக்கொண்டு நின்றான்.

காலையில் அவன் இறங்கி வந்தபோது அண்ணி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். காலால் மிதிக்கிற பழைய மெஷின். பள்ளிக்கூடச் சட்டைகள் இடது பக்கம் குவிந்து கிடந்தன.

"டீ ஆறுது தம்பி."

குடித்தான். ஆறித்தான் போயிருந்தது. ஆறியது அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னைக்குத்தானே அந்த விசாரணை?"

"ஆமா அண்ணி. ரெண்டரைக்கு."

"என்ன கேப்பாங்களாம்?"

"கடைசியா யார் பாத்தான்னு."

"நீதானே பாத்த. பாத்தேன்னு சொல்லு. அதுக்கேன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? பரீட்சையா எழுதப் போற?"

அவன் அண்ணனுக்கு முகம் மழித்துவிட உட்கார்ந்தான். வலது கன்னம் தொய்ந்து கையோடு வந்தது. அண்ணன் அவனையே பார்த்தான். சின்னவன் கத்தியை மட்டும் பார்த்தான்.

"நேத்து எவ்வளவு அண்ணி?"

"அறுநூத்திப் பன்னெண்டு."

தலை நிமிராமல் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டையின் கணக்கு அது. அண்ணனின் வலது கணுக்காலில் அதைக் கட்டிக்கொண்டு, காலைப் பிடித்து மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அசைவையும் எண்ணி, பயிற்சி கொடுக்கும் அம்மாவின் போனுக்கு அதுவே அனுப்பிவிடும். ஒரு நாளைக்கு நானூறுக்குக் கீழே ஒரு வாரம் இறங்கினால், வீட்டுக்கு வந்து பார்க்கிற பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள்.

"இவ்வளவு தையலுக்கு நடுவுல எப்படி முடியுது உங்களுக்கு?"

"முடியுது."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

*

ஆலையில் ஒவ்வொருவன் இடுப்பிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி தொங்கும். ஆள் அசைகிறவரை பேசாமல் இருக்கும். ஒன்றரை நிமிஷம் அசையாவிட்டால் கீச்சிடும். அப்போதும் அசையாவிட்டால் கண்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரியும், ஆட்கள் ஓடி வருவார்கள். 'இத்தனை தூசிக்குள்ளே ஒருத்தன் மயங்கி விழுந்தால் பக்கத்திலிருப்பவனுக்கே தெரியாது, உங்கள் உயிருக்காகத்தான் இது' என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

சொன்னது பொய்யில்லை. ஆனால் யார் எவ்வளவு நேரம் சும்மா நின்றான் என்பதையும் அதே கருவி குறித்துவைத்தது. மாதக் கடைசியில் அந்தப் பட்டியலைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினார்கள். முதல் மாதம் எல்லோரும் படித்துச் சிரித்தார்கள். இரண்டாம் மாதம் பட்டியலின் அடியில் இருந்த மூன்று பேர் வேலையில் இல்லை. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

உட்கார்ந்தால் கத்துகிறது என்பதால் அதற்கு மாமியார் என்று பேர் வைத்தது அண்ணன்தான்.

ஆணி அடித்தது யார் என்று தெரியாது. கூடத்தின் நடுவில் ஒரு லாரி அகலத்துக்குச் சல்லடை ஒன்று இரவும் பகலும் ஆடிக்கொண்டிருக்கும். அதன் மரச்சட்டத்தில், கேமரா பார்க்காத பக்கம், ஒரு நாள் ஆணி முளைத்திருந்தது. மாமியாரைக் கழற்றி அதில் மாட்டினால் போதும். சல்லடை ஆடும், மாமியாரும் ஆடும், ஆள் ஓடியாடி வேலை செய்வதாகத் திரையில் பச்சைப் புள்ளி எரியும். ஆளுக்குப் பத்து நிமிஷம். ஒருத்தன் மூட்டைச் சந்தில் முதுகைச் சாய்க்க, இன்னொருத்தன் நேரம் பார்த்து எழுப்பிவிட வேண்டும். நாற்பது பேருக்கும் தெரியும். ஒருத்தனும் வெளியே சொன்னதில்லை.

அன்றைக்கு மூன்று ஐந்துக்கு அண்ணன், "டேய், தலை கனமா இருக்குடா. மாமியார ஊஞ்சல்ல போட்டுட்டுப் பத்து நிமிஷத்துல வந்து எழுப்பு" என்றான். சின்னவன் மாட்டினான். மாட்டிவிட்டுத் தளத்துக்குப் போனான். மக்காச்சோள லாரி இரண்டு ஒன்றாக வந்து நின்றன. மூன்றரைக்கோ என்னவோ, தண்ணீர் குடிக்கும்போது சுவரில் இருந்த திரையைப் பார்த்தான். அண்ணன் பேருக்கு நேரே பச்சை. 'எழுந்து வேலையப் பாக்கறான்' என்று நினைத்துக்கொண்டு அடுத்த லாரிக்குப் போனான்.

தன் கையாலேயே மாட்டியவன்தான். இருந்தும் பச்சையைப் பார்த்ததும் நம்பினான். எழுபத்தெட்டு நாளாக அவன் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடுவது இந்த இடம்தான். இதில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மூன்று ஐம்பத்தேழுக்குச் சல்லடையின் பெல்ட் அறுந்தது. சல்லடை நின்றது. மாமியார் கத்தியது. ஆட்கள் ஓடினார்கள்.

அதற்குள், சல்லடையை ஓட்டும் சல்லடைக்காரர் ஆணியிலிருந்து கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மூட்டைச் சந்துக்கு முந்திப் போய், அண்ணன் இடுப்பில் மாட்டிவிட்டார்.

*

"என்னடா, தலையெல்லாம் படிய வாரிட்டு வந்திருக்க? பொண்ணு பாக்கவா போற?"

இரண்டே காலுக்குச் சின்னவன் சல்லடைப் பக்கம் வந்தபோது சல்லடைக்காரர் கேட்டார். இரைச்சலில் அந்தக் கூடத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள்.

"விசாரணைக்குண்ணே."

"தெரியும், தெரியும்." பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஆணியப் பத்தி வாயத் திறக்காத."

சின்னவன் மரச்சட்டத்து ஆணியைப் பார்த்தான்.

"நாப்பது பேர் முதுகுடா அது. அந்தப் பத்து நிமிஷம் சாய்ஞ்சாத்தான் சாயங்காலம் நிமிர முடியுது. நீ பாட்டுக்கு நல்லவனாகிட்டு வீட்டுக்குப் போயிடுவ. இங்க மூட்டை யார் தூக்கறது, உன் அதிகாரியா?"

"அண்ணன்..."

"உங்கண்ணன் எனக்கு மட்டும் வேண்டாதவனா? அவன் இடுப்புல திருப்பி மாட்டினது இந்தக் கைதான்." தவிடு அப்பிய கையை நீட்டிக் காட்டினார். "மாட்டும்போது அவன் என்னப் பாத்தான்டா. கண்ணத் திறந்து பாத்தான். சோத்துல கை வெச்சா அந்தக் கண்ணுதான் தெரியுது. இருந்தும் சொல்றேன், வாயத் திறக்காத."

சொல்லிவிட்டு மண்வாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதிகாரி அறை வாசலில் காத்திருப்பதும் சும்மா நிற்கிற கணக்கில்தான் சேரும். சின்னவன் இடுப்பிலிருந்து மாமியாரைக் கழற்றினான். கை அதுவாகவே ஆணியைத் தேடிப் போனது. மாட்டிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தான்.

விசாரணை அதிகாரி கெட்ட மனுஷர் இல்லை. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். பிறகு கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"உங்க அண்ணன் வேலையில ரொம்ப ஒழுங்கு போலிருக்கே. இதோ பாருங்க. மூணு அஞ்சுல இருந்து மூணு அம்பத்தேழு வரைக்கும் ஒரு நொடி நிக்கல. கோடு எவ்வளவு சீரா போகுது பாத்தீங்களா? அந்த வருஷத்துலயே அவரோட நல்ல நேரம் இதுதான்."

சின்னவன் பார்த்தான். நீலக் கோடு, பல் பல்லாக, ஒரே உயரத்தில் ஓடியது. அது அண்ணன் இல்லை. சல்லடை.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"மூணு மணி வாக்குல சார்."

"நல்லாத்தான் இருந்தாரா?"

"தலை கனமா இருக்குன்னான்."

இதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. இனி எல்லாம் வந்துவிடும் என்று காத்திருந்தான். அதிகாரி பேனாவைக் காகிதத்தில் வைத்தார். திரையைப் பார்த்தார். பேனாவை எடுத்துவிட்டார்.

"அதுக்கப்புறமும் அம்பத்திரண்டு நிமிஷம் இப்படி ஓடியிருக்காரே. அப்போ அது பெரிசா ஒண்ணும் இருந்திருக்காது. சாதாரணத் தலைவலியா இருக்கும்."

"இருக்கும் சார்."

"மத்த மூணு ஆலையிலயும் இந்தக் கருவியக் கொண்டு வரப் போறோம். ஆளுங்க தயங்கறாங்க. உங்க அண்ணன் விஷயத்தத்தான் காட்டப் போறேன். கருவி கத்திச்சு, மூணே நிமிஷத்துல ஆள் கையில. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" இதையே வாக்குமூலமாக அச்சடித்த ஒரு காகிதத்தை மடித்து நீட்டினார். "வீட்ல படிச்சுக் காட்டுங்க. நாளைக்குக் காலைல கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. அவசரமே இல்ல."

காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். உள்ளுக்குள் ஏதாவது நடக்கும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. அலுவலகப் பக்கத்து வாசல் திறந்திருந்தது. அப்படியே நடந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

*

பயிற்சி கொடுக்கும் அம்மா வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்ற நேரமில்லாமல், அதன் மேலேயே பிளாஸ்டிக் உறை மாட்டிய காலோடு கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பதினொரு வீடு.

"அறுநூறுக்குக் கீழ இறங்கவே இல்ல! எங்க லிஸ்ட்டுல இவர்தான் முதல் ஆளு. என்ன மந்திரம் போடறீங்க நீங்க?"

அண்ணி சிரித்த மாதிரி செய்தாள்.

அந்த அம்மா அண்ணனின் கெண்டைக்காலை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். இன்னொரு தடவையும் அழுத்தினாள். "சதை ஏறலயே..." என்றாள். பிறகு போனைப் பார்த்தாள். "நம்பர் நல்லா இருக்கு. ஏறிடும். அடுத்த வாரம் வரும்போது கம்பியப் பிடிச்சு நிக்க வெச்சுடலாம்."

அவள் போன பிறகு அண்ணி கட்டிலருகே குனிந்து அண்ணன் காலில் போர்வையைச் சரிசெய்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். இன்னும் ஒன்பது சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைக்க வேண்டியிருந்தது.

சின்னவன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். அங்கிருந்து பார்த்தால் மெஷினின் மிதிபலகை தெரியும். மிதிபலகை ஏறி இறங்கியது. அதன் மேல் அண்ணியின் கால். அந்தக் கணுக்காலில் ஒரு பச்சை விளக்கு, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை மின்னியது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி."

"ம்."

"அது உங்க கால்ல இருக்கு."

மெஷின் நிற்கவில்லை. "ஆமா."

"எத்தன நாளா?"

"இருவது நாளிருக்கும். அறுநூறு தாண்டினதும் கழட்டிடுவேன். நானூறு தடவ மடக்கி நீட்டிட்டு நான் எப்ப தைக்கறது? எப்ப ஆக்கறது, எப்ப அவரத் தொடைச்சு விடறது?" குரலில் கோபம் இல்லை. கடைக்குப் போக வேண்டிய சாமான் பட்டியல் சொல்வதுபோல் சொன்னாள். "மடக்காம இல்ல. காலைல அம்பது, சாயங்காலம் அம்பது மடக்கறேன். நூறுன்னு போனா அந்தம்மா வர மாட்டாங்க. வந்து எட்டிப் பாக்க ஒரு ஆளாவது வேணும்ல இந்த வீட்டுக்கு."

"கழட்டுங்க."

"இந்தக் கழுத்த முடிச்சிட்டு."

"இப்பவே கழட்டுங்க அண்ணி. அடுத்த வாரம் நிக்க வெக்கறேங்கறாங்க. அந்தக் கால்ல ஒண்ணுமே இல்ல, விழுந்துடுவான். அவங்க காலப் பாக்க மாட்டாங்க, நம்பரத்தான் பாப்பாங்க. ஓடற மெஷின்ல மாட்டினா அது ஆளு அசையறான்னுதான் சொல்லும். ஆளு வாய் கோணிக் கீழ கெடந்தாலும் அசையறான்னுதான் சொல்லும்."

மெஷின் நின்றது.

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

சொன்னான். ஆணியில் தொடங்கி, லாரி, தண்ணீர், பச்சைப் புள்ளி, அறுந்த பெல்ட் வரை வரிசையாகச் சொன்னான். தன் கதையைச் சொல்கிற மாதிரியே இல்லை அவனுக்கு. சட்டைப் பையிலிருந்த காகிதத்தையும் எடுத்துத் தரையில் வைத்தான். வார்த்தை எங்கும் தடுக்கவில்லை. அதுதான் அவனுக்கே பயமாக இருந்தது.

அண்ணி கேட்டு முடித்தாள். பிறகு மெஷின் பக்கம் திரும்பி, பாதியில் நின்றிருந்த கழுத்துப்பட்டியைக் கடைசிவரை தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்து வலது பக்கம் வைத்தாள்.

"அம்பத்திரண்டு நிமிஷம்."

"ஆமா."

"அம்பத்திரண்டு நிமிஷத்துல நான் ஒரு முழுச்சட்டை தச்சு, பட்டனும் வெச்சுடுவேன்."

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆஸ்பத்திரில அந்த டாக்டர் கேட்டாரே. மூணு நிமிஷங்கறீங்க, உள்ள பாத்தா ரொம்ப நேரம் ஆன மாதிரி இருக்கேம்மான்னு. நான் சண்டைக்குப் போனேன். கம்பெனி கணக்கு பொய் சொல்லுமான்னு கேட்டேன்." மடித்த சட்டையை எடுத்து மறுபடி மடித்தாள். "அவருக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தார்கள். அண்ணன் சுவரைப் பார்க்கவில்லை. இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ பண்ணினதும் தெரியும், நான் பண்ணறதும் தெரியும். எல்லாம் தெரிஞ்ச ஆளுக்கு வாய் இல்ல" என்றாள் அண்ணி.

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. அடித்தால் வலிக்கிறதா என்றாவது தெரிந்திருக்கும். அவள் குனிந்து தன் கணுக்காலில் இருந்த பட்டையைக் கழற்றினாள். பட்டை இருந்த இடம் சிவந்து, தழும்பாகத் தடித்திருந்தது. கட்டிலுக்குப் போய் அண்ணன் காலில் கட்டினாள். அந்தக் காலுக்கு அது தளர்வாக இருந்தது. இரண்டு துளை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது.

"முட்டியப் பிடி" என்றாள்.

அவன் பிடித்தான். அவள் பாதத்தை ஏந்திக்கொண்டாள்.

"ஒண்ணு."

மடக்கி நீட்டினார்கள். பச்சை விளக்கு ஒரு தடவை மின்னியது.

"ரெண்டு."

கால் கனத்தது. ஈரச் சாக்கு போலக் கனத்தது. பத்துக்குள் அண்ணிக்கு மூச்சு வாங்கியது. இருபதில் சின்னவனுக்குத் தோள் கடுத்தது. அறைக்குள் வெளிச்சம் மங்கியது. யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை.

முப்பத்தெட்டில் சின்னவனின் போன் அடித்தது. ஆலை நம்பர். கையை எடுக்க முடியாமல், தரையில் கிடந்த போனைக் கால் கட்டைவிரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

"இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்றது பதிவுக் குரல். அடுத்து கண்ட்ரோல் ரூமில் இருக்கிற அக்கா பேசினாள்.

"ஏம்ப்பா சின்னவரே, ஷிஃப்ட் நாலு மணிக்கு முடிஞ்சிருச்சு. இப்ப ஆறரை. இன்னும் ஸ்கிரீன்ல பச்சையா ஓடிக்கிட்டே இருக்க. ஒரு நிமிஷம் நிக்கல! உங்கண்ணன் மாதிரியே இழுத்துப் போட்டுக்கிட்டு செய்யாதப்பா, உடம்பு என்னத்துக்கு ஆகும். எந்தக் கூடத்துல இருக்க? ஆள அனுப்பட்டுமா?"

சின்னவன் குனிந்து இடுப்பைப் பார்த்தான். வெறும் கொக்கி தொங்கியது.

தரையில் கிடந்த காகிதம் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. நாற்பது முதுகு. தவிடு அப்பிய ஒரு கை. மற்ற மூன்று ஆலையில் இனிமேல் முளைக்கப்போகிற ஆணிகள். அண்ணி சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. பாதத்தைக் கீழே வைக்காமல் அப்படியே ஏந்திக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஹலோ? லைன்ல இருக்கியாப்பா?"

"வீட்ல இருக்கேன்க்கா."

"வெளையாடாத. ஸ்கிரீன்ல..."

"ஸ்கிரீன்ல ஓடறது நான் இல்ல. மாமியார் சல்லடை ஆணியில தொங்குது." எச்சில் விழுங்கினான். தொண்டை வலித்தது. எழுபத்தெட்டு நாளில் முதல் தடவையாக ஏதோ வலித்தது. "அன்னைக்கு அண்ணனோடதும் அங்கதான்க்கா தொங்கிச்சு. மூணு அஞ்சுல இருந்து. நான்தான் மாட்டினேன்."

போனில், கண்ட்ரோல் ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் சல்லடை ஆடுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

"என்ன ஆணி?" என்றாள் அந்த அக்கா.

அண்ணி பாதத்தை மடக்கினாள்.

"முப்பத்தொம்பது."